கீழே போகும் வழி

என் மாமாவுக்கு எர்ணாகுளம் உள்ளங்கை மாதிரி. இதை அவரே எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். மூணாறில் சுற்றுலாக்காரர்களுக்கு ஜீப் ஓட்டுகிறவர் அவர். டாப் ஸ்டேஷன், வட்டவடை, போடிமெட்டு என்று மலையையே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தவர் எப்போது போய் எர்ணாகுளத்தை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டார் என்று எங்கள் எஸ்டேட்டின் லயத்து வீடுகளில் யாரும் கேட்கவில்லை. மொத்தம் இரண்டு முறை போயிருக்கிறார் என்பது பிற்பாடு தெரிந்தது. ஒரு முறை ஜீப்புக்கு ஸ்பேர் வாங்க, இன்னொரு முறை ஒரு கூட்டாளியின் கல்யாணத்துக்கு. ஆனால் அம்மாவுக்குத் தம்பி சொன்னால் சொன்னதுதான். அதனால் அக்காவின் பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவசரமாக எர்ணாகுளம் போகவேண்டி வந்தபோது, கூட வருவது மாமாதான் என்பதில் வீட்டில் இரண்டாவது பேச்சே இல்லை.

அக்கா கோல்கீப்பர். ஆசைப்பட்டு ஆனதல்ல. எங்கள் எஸ்டேட் மைதானம் மலைச்சரிவை வெட்டிச் சமன் செய்த இடம். ஒரு பக்கத்து கோல்போஸ்டுக்குப் பின்னால் வலை கிடையாது, நேராகத் தேயிலைச் சரிவுதான். கோல் விழுந்தால் பந்து செடிகளுக்கு நடுவே உருண்டு எஸ்டேட்டின் கீழ் டிவிஷன் வரை போய்விடும். அதைப் போய் எடுத்துவர வேண்டியது கோல்கீப்பர் என்பது எங்கள் ஊர்ச் சட்டம். பையன்கள் ஒருத்தனும் அந்தப் பக்கம் நிற்க மாட்டான். என்னையும் ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று நச்சரித்துக்கொண்டிருந்த அக்காவைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார்கள். இரண்டு தடவை சரிவில் இறங்கி ஏறியவள், மூன்றாவது தடவையிலிருந்து பந்தைத் தன்னைத் தாண்டிப் போகவிடுவதில்லை என்று முடிவுசெய்துவிட்டாள். பதினைந்து வயதில் மாவட்டப் பள்ளி அணிக்கு அவள்தான் கோல்கீப்பர். மாநில அளவு ஆட்டத்துக்காக அணியோடு எர்ணாகுளம் போய் மூன்று நாள் ஆகியிருந்தது.

அந்த மூன்றாவது நாள் சாயங்காலம் அவர்களுடைய விளையாட்டு டீச்சர் அப்பாவுக்கு போன் செய்தார். எதிர் அணிக்காரர்கள் புகார் கொடுத்திருக்கிறார்கள், இந்தப் பெண்ணைப் பார்த்தால் பதினைந்து வயது மாதிரி தெரியவில்லை என்று. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. அக்கா நெடுநெடுவென்று வளர்ந்துவிட்டவள், வாசல்நிலையில் குனிந்துதான் வருவாள். நாளை மதியம் ஒரு மணிக்குள் அசல் பிறப்புச் சான்றிதழ் வர வேண்டும், அப்பா அம்மாவில் ஒருவர் நேரில் வந்து அதிகாரி முன்னால் ஒப்பு போட வேண்டும், இல்லையென்றால் இவள் இறங்க முடியாது என்றார் டீச்சர். ஒப்பு என்றால் மலையாளத்தில் கையெழுத்து. எங்கள் ஊரில் தமிழிலும் அதுதான். கடைசியாக டீச்சர் இன்னொன்றும் சொன்னார். நாளைய ஆட்டத்தைப் பார்க்கத் திருவனந்தபுரத்திலிருந்து ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல்காரர்கள் வருகிறார்கள், உங்கள் மகளைப் பற்றி நான் முன்கூட்டியே சொல்லிவைத்திருக்கிறேன்.

அங்கே எடுத்துக்கொண்டால் படிப்பு, சாப்பாடு, ஆட்டம், எல்லாம் அவர்கள் பொறுப்பு. அப்பா போனை வைத்துவிட்டு அம்மாவிடம் இதைச் சொன்னபோது இரண்டு பேரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள், சத்தமாகச் சொன்னால் கலைந்துவிடும் என்பதுபோல. எனக்கு அப்போது பத்து வயது. ஹாஸ்டல் என்பது சொல்பேச்சுக் கேட்காத பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிற இடம் என்று என்னைப் பலமுறை மிரட்டியிருந்தார்கள். அக்கா அப்படி என்ன தப்புச் செய்தாள் என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

அப்பாவுக்கு பேக்டரியில் ஷிப்ட். தேயிலைக் கொழுந்து குவிகிற சீசன், மாற்று ஆள் இல்லை. எனவே அம்மா. அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் அம்மா உட்கார்ந்து பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டுப் போட்டுப் பழகினாள். என்னை அழைத்துப்போகிற உத்தேசம் யாருக்கும் இல்லை. ஆனால் எர்ணாகுளத்தில் அப்போதுதான் மெட்ரோ ரயில் புதிதாக ஓட ஆரம்பித்திருந்தது, எங்கள் வகுப்பில் ஒரு பையன் அதில் போய்விட்டு வந்து ஒரு மாதமாக அலட்டிக்கொண்டிருந்தான். நான் தரையில் படுத்துக் காலை உதைத்து அழுதேன். அழுகிற விஷயத்தில் எனக்கு நல்ல பயிற்சி உண்டு. கடைசியில் மாமாதான், "வரட்டும்க்கா, நான் பாத்துக்கிறேன்," என்றார்.

விடியும் முன்பே மாமாவின் ஜீப்பில் மூணாறு வந்து முதல் பஸ்ஸைப் பிடித்தோம். ஆனவண்டி என்று நாங்கள் சொல்கிற அரசு பஸ். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், இப்போதும் அப்படித்தான். அன்று பஸ் கிளம்பிய நிமிஷத்திலிருந்து எழுவதும் உட்காருவதும் ஜன்னலைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். அம்மா மடியில் சான்றிதழ் வைத்த பிளாஸ்டிக் பைலை இரண்டு கையாலும் பிடித்தபடி, வளைவுக்கு வளைவு, "மணி என்னாச்சு?" என்று மாமாவைக் கேட்டாள். நேரியமங்கலம் பாலம் வந்ததும் பஸ்ஸில் இருந்த மலைக்காரர்கள் எல்லாம் வழக்கம்போல ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். அம்மா கழற்றவில்லை. பைலை ஒரு கையில் மாற்றவேண்டி வருமே என்று யோசித்திருப்பாள்.

பெரும்பாவூர் தாண்டியதும் பஸ் நகரவே மறுத்தது. முன்னால் லாரி லாரியாக மஞ்சள் சட்டைப் பையன்கள், கொடி, செண்டை மேளம். அன்று எர்ணாகுளத்துப் பெரிய ஸ்டேடியத்திலும் ஏதோ பெரிய டோர்னமென்ட், வெளிமாநில அணிகள் எல்லாம் வருகின்றன என்று கண்டக்டர் சொன்னார். சாயங்காலத்து ஆட்டத்துக்குக் காலையிலேயே கிளம்பிவிட்டார்கள். மாமா உற்சாகமாகிவிட்டார். "பாத்தியாக்கா, நம்ம புள்ள ஆடுற ஆட்டத்துக்கு எவ்வளவு கூட்டம்!" என்றார் விளையாட்டாக. அம்மா அதை விளையாட்டாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. அவள் முகம் மலர்ந்துவிட்டது.

ஆலுவாவில் இறங்கியபோது பதினொன்றே கால். மெட்ரோ ஸ்டேஷன் வாசலில் திருவிழாக் கூட்டம். வரிசையில் நின்று மாமா கடைசி ஸ்டேஷனுக்கு மூன்று டிக்கெட் வாங்கினார். அங்கே இறங்கி ஒரு பஸ் பிடித்தால் ஆட்டம் நடக்கிற கல்லூரி மைதானம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். என் டிக்கெட் என் கையில்தான் இருக்கும் என்று நான் அடம்பிடித்து வாங்கிக்கொண்டேன். நகரும் படிக்கட்டைப் பார்த்ததும் அம்மா நின்றுவிட்டாள். "இது நம்மள எங்க கொண்டு போகும்?" என்றாள். மேலே என்று மாமா சொன்னார். "மேல போறதுக்கு எனக்குக் கால் இருக்கு," என்று பக்கத்தில் இருந்த சாதாரணப் படிகளில் ஏறி, எங்களுக்கு முன்னால் போய் மேலே நின்றாள். இருபது வருஷம் மலையில் கொழுந்து எடுத்தவள், அவளுக்கு அது ஒரு ஏற்றமே இல்லை.

ரயிலில் எனக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. சீட்டில் முட்டி போட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்தி வெளியே பார்த்தேன். வீடுகளின் மொட்டைமாடி, தண்ணீர்த் தொட்டி, காயப்போட்ட துணி, எல்லாம் எனக்குக் கீழே ஓடின. எங்கள் ஊரில் மட்டும்தான் ஓட்டுக் கூரையை மேலிருந்து பார்க்க முடியும் என்று நினைத்திருந்தேன். கொஞ்சம் ரோஷமாகக்கூட இருந்தது.

எனக்குப் பின்னால் நடந்ததை நான் பார்க்கவில்லை, மாமா சொல்லித்தான் தெரியும். ஸ்டேடியம் ஸ்டேஷன் வந்தது. பெட்டியில் இருந்த மஞ்சள் சட்டை மொத்தமும் எழுந்தது. மாமாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பக்கத்தில் நின்றவரிடம், "சேட்டா, பந்துகளி எவிடெயா?" என்று கேட்டார். பந்தாட்டம் எங்கே என்று அந்த நேரத்தில், அந்த ரயிலில், யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். இங்கேதான், இறங்குங்கள் என்றார் அவர். எங்கள் ஊரில் ஒரே மைதானம். பந்து ஆடினால் அங்கேதான் ஆடுவார்கள். ஒரு ஊரில் ஒரே நாளில் இரண்டு இடத்தில் டோர்னமென்ட் நடக்கும் என்பது, எர்ணாகுளத்தை உள்ளங்கையில் வைத்திருந்த என் மாமாவுக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. "எறங்கு, எறங்கு," என்று அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தார். கூட்டம் இரண்டு பேரையும் தள்ளிக்கொண்டு போய் வெளியே விட்டது. நான் பின்னாலேயே வருகிறேன் என்று அம்மா நினைத்தாள். நான் மொட்டைமாடி பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பியபோது கதவு மூடிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அம்மா. உள்ளங்கையால் கண்ணாடியை அடித்தாள். மாமா என்னவோ கத்தினார், ஒன்றும் கேட்கவில்லை. விரலை மட்டும் கீழே காட்டிக் காட்டி ஆட்டினார். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி நில் என்பது அதற்கு அர்த்தமாம். ரயில் கிளம்பிவிட்டது.

எனக்கு அந்த விரல் வேறு சொன்னது. எங்கள் மலையில் திசைகள் நான்கல்ல, இரண்டுதான். மேல, கீழ. கிழக்கும் மேற்கும் பரீட்சைக்கு எழுதுவதற்கு. கடைக்குப் போனால் கீழ போயிருக்கான் என்போம். பேக்டரி மேல. தேயிலைக்குள் மஞ்சு என்கிற மூடுபனி இறங்கினால் நீட்டிய கை தெரியாது, அப்படி ஒரு சமயம் பிள்ளைகள் பிரிந்துவிட்டால் என்ன செய்யவேண்டும் என்பது எல்லா வீட்டிலும் சொல்லிவைத்திருக்கிற ஒன்று. அம்மா எனக்குப் பல தடவை சொல்லியிருந்தாள். கத்தாதே, மேலே ஏறாதே. கீழே இறங்கு. இறங்கிக்கொண்டே போனால் தண்ணீர் வரும். தண்ணீர்கிட்ட போய் நில்லு, எத்தனை நேரமானாலும் அங்கேயே நில்லு, நான் வந்து கூட்டிக்கிறேன். மாமாவின் விரல் கீழே காட்டியதும் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. நான் தொலைந்துபோகவில்லை. கீழே போகவேண்டும், அவ்வளவுதான்.

ரயில் காலியாகியிருந்தது. நான்கு சீட் மாறி மாறி உட்கார்ந்து பார்த்தேன். அடுத்த ஸ்டேஷன் வந்தது, இறங்கவில்லை. எங்கள் எஸ்டேட் பஸ்ஸில் கடைசி ஸ்டாப்தான் கீழ. எனவே கடைசி ஸ்டேஷனில் இறங்கினேன். டிக்கெட் கையில் இருந்ததால் கதவும் மரியாதையாக வழிவிட்டது. நகரும் படிக்கட்டில் கீழே வந்தேன். நன்றாக இருந்தது. மேலே போய் இன்னொரு முறை வந்தேன். அப்புறம் இன்னொரு முறை. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்னும் நாலு தடவை ஏறி இறங்கியிருந்தேன் என்றால் அம்மா என்னை அங்கேயே பிடித்திருப்பாளோ என்னவோ.

ரோட்டுக்கு வந்ததும்தான் சிக்கல். எந்தப் பக்கம் பார்த்தாலும் ஊர் தோசைக்கல் மாதிரி இருந்தது. ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சாக்கடைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று குனிந்து பார்த்தேன். அது எந்தப் பக்கமும் ஓடாமல் நின்ற இடத்தில் நின்றது. எனக்குத் தெரிந்த மலையாளத்தில், குடை பிடித்து வந்த ஒரு சேச்சியிடம், தாழே போகிற வழி எது என்று கேட்டேன். அந்த அம்மா தலைக்கு மேல் இருந்த மெட்ரோ பாலத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, "மோளே, இது தன்னெ தாழெ," என்று சொல்லிவிட்டுப் போனார். இதுதான் கீழேயாம். எனக்கு அந்த ஊர்க்காரர்கள் மேல் இருந்த மதிப்புப் போய்விட்டது. கீழே என்பதே இல்லாத ஊரில் மஞ்சு இறங்கினால் இவர்கள் பிள்ளைகள் என்ன செய்வார்கள்?

அப்போது ஒரு சிவப்பு பஸ் வந்து நின்று, கண்டக்டர் படியில் தொங்கியபடி, "ஜெட்டி, ஜெட்டி, போட்டு ஜெட்டி," என்று கூவினார். போட்டு என்றால் படகு, மாட்டுப்பட்டி அணையில் பார்த்திருக்கிறேன். படகு இருந்தால் தண்ணீர் இருக்கும். தண்ணீர் எங்கே இருக்கிறதோ அதுதான் கீழ. பஸ் போன திசையில் நடந்தேன். ஒரு பூங்கா, ஒரு மரநிழல், அதைத் தாண்டியதும் காயல். அவ்வளவு தண்ணீரை நான் பார்த்ததில்லை. இதைவிடக் கீழே போக இனி இடம் கிடையாது என்று பார்த்தவுடனே தெரிந்தது. ஜெட்டி என்கிற அந்தப் படகுத்துறையில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நிற்பது என்றால் என் நிற்பது. தூணைச் சுற்றினேன், பெஞ்சில் ஏறினேன், இறங்கினேன், மறுபடி தூணுக்கு வந்தேன். ஆனால் அந்த இடத்தை விட்டுப் போகவில்லை. படகுகள் வந்து ஆளை இறக்கிவிட்டு ஆளை ஏற்றிக்கொண்டு போயின. கயிற்றை வீசி மாட்டுகிற ஆள் ஒரு தடவைகூடக் குறி தவறவில்லை. பாயல் என்கிற பச்சைச் செடிக் கூட்டம் ஒன்று, டிக்கெட் எடுத்த மாதிரி நிதானமாக மிதந்து போனது. டிக்கெட் கொடுக்கிற சேட்டன் ஜன்னல் வழியாக, யாருடன் வந்தாய் என்று கேட்டார். "அம்மா வரும்," என்றேன். சந்தேகத்தோடு பார்த்தார். நான் அவரைப் பார்த்த பார்வையில் சந்தேகமே இல்லாததால் விட்டுவிட்டார்.

அந்த நேரத்தில் அம்மாவும் மாமாவும் என்ன பாடு பட்டார்கள் என்பதை மாமா பிற்காலத்தில் நடித்தே காட்டுவார். அடுத்த ரயில் பிடித்து அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, பிளாட்பாரம் முழுக்கத் தேடி, ஆபீசில் சொல்லி, மைக்கில் என் பேரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். பதில் இல்லை. பன்னிரண்டரை ஆகிவிட்டது. அங்கிருந்த மெட்ரோக்காரர்கள் நல்லவர்கள். எல்லா ஸ்டேஷனுக்கும் சொல்லிவிட்டோம், பிள்ளை கிடைத்துவிடும், நீங்கள் பதறாதீர்கள் என்றார்கள். மாமா அம்மாவிடம் கெஞ்சியிருக்கிறார். "அக்கா, இங்கேர்ந்து ஒரு ஆட்டோ புடிச்சா முக்கா மணிநேரத்துல போயிட்டு வந்துரலாம். நீ ஒப்பு மட்டும் போட்டுட்டு வா. குட்டிய இவங்க பாத்துக்குவாங்க. மூத்தவ வாழ்க்கைக்கா இது." ஒப்பு போட அம்மாதான் போகவேண்டும், மாமா போய்ப் பிரயோஜனம் இல்லை. அம்மா வழியே தெரியாத ஊரில் தனியாகப் போகவும் முடியாது. போனால் இரண்டு பேரும் போகவேண்டும், இல்லை இரண்டு பேரும் தேட வேண்டும்.

அம்மா பைலைச் சேலைக்குள் செருகிக்கொண்டு அடுத்த ரயிலில் ஏறினாள். ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கித் தேடிக் கடைசி ஸ்டேஷனுக்கு வந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது. அங்கே ஒரு சின்னப் பெண் வெளியே போனதை வாசல் காவலில் இருந்த பெண் பார்த்திருந்தாள். மாமா கடை கடையாக ஓடி விசாரிக்க ஆரம்பித்தார். அம்மா நடு ரோட்டில் நின்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இங்க தண்ணி எந்தப் பக்கம்?"

மாமா ஓடிப்போய் ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கிக்கொண்டு வந்து நீட்டினார். அம்மா அந்த பாட்டிலைப் பார்த்தாள், தம்பியைப் பார்த்தாள், வாழ்க்கையில் முதல் தடவையாக அவரிடம் வழி கேட்காமல் நேரே ஒரு போலீஸ்காரரிடம் போய், ஆறு எங்கே, குளம் எங்கே, கடல் எங்கே என்று கேட்டாள். அவர் கையைக் காட்டிய திசையில் நடக்க ஆரம்பித்தாள்.

அவள் வருவதை நான் தூரத்திலேயே பார்த்துவிட்டேன். அந்த வெயிலில் ஸ்வெட்டர் போட்டிருந்தது அவள் ஒருத்திதான். ஓடிவரவில்லை, கொழுந்துக்கூடை முதுகில் இருப்பதுபோலக் குனிந்து, வேகமாக நடந்து வந்தாள். வந்து என் கையைப் பிடித்தாள். முதுகில் ஒரு அடி வைத்தாள். அப்புறம் என் தலையைத் தன் வயிற்றில் அழுத்திக்கொண்டாள். சேலைக்குள் இருந்த பைலின் முனை என் நெற்றியில் குத்தியது. நிமிர்ந்தபோது அம்மா அழுதுகொண்டிருந்தாள். சொன்னபடி கீழே இறங்கித் தண்ணீர்கிட்ட நின்ற என்னை அடித்ததும் இல்லாமல் இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்கு எரிச்சல் வந்தது.

பின்னால் மாமா பாட்டிலோடு மூச்சிரைக்க வந்தார். "மணி என்னாச்சு?" என்றாள் அம்மா. ஒன்றே முக்கால். ஆட்டோக்காரர்கள் ஸ்டேடியம் பக்கம் போகிற ஆளாகப் பார்த்து ஏற்றினார்களே தவிர எங்கள் பக்கம் திரும்பவில்லை. பஸ்ஸில் ஏறினோம். நெரிசல். ஒவ்வொரு சிக்னலிலும் பஸ் நின்றது, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றது, ஸ்டாப் இல்லாத இடத்திலும் நின்றது. உட்கார இடம் கிடைத்தும் அம்மா உட்காரவில்லை. உட்கார்ந்தால் பஸ் இன்னும் மெதுவாகப் போகும் என்று நினைத்தாளோ என்னவோ, கம்பியைப் பிடித்தபடி வழி முழுக்க, "வந்துருச்சா? வந்துருச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தாள்.

மைதானத்தில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. பந்தலின் கீழ் மேசை போட்டு உட்கார்ந்திருந்தவர் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "இதில் குழப்பமொன்னுமில்லல்லோ," என்றார் வருத்தமாக. எந்தக் குழப்பமும் இல்லாத காகிதம்தான். அக்காவுக்குப் பதினைந்து வயது முடியவே இன்னும் ஒரு மாதம் இருந்தது. ஆனால் லிஸ்ட் ஒரு மணிக்கே அடைத்துவிட்டார்கள், இனி யாராலும் மாற்ற முடியாது. அம்மாவுக்கு அது சரியாகப் புரியவில்லையோ, புரிந்தும் மனது கேட்கவில்லையோ. மேசைமேல் கிடந்த பேனாவைக் கையில் எடுத்து, "ஒப்பு எங்க சார் போடணும்?" என்றாள். அவர் சான்றிதழைப் பைலுக்குள் வைத்து அவளிடம் நீட்டினார். அம்மா பேனாவை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

அக்கா கோட்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தாள். கையுறையைக் கழற்றவில்லை. தொடுபுழைக்காரக் குட்டிப் பெண் ஒருத்தி அவளுக்குப் பதிலாக கோலில் நின்றாள். குதித்தாலும் அவள் கை மேல்கம்பிக்கு எட்டவில்லை. இரண்டு கோல் விழுந்தது, தோற்றுப்போனார்கள். தொப்பி வைத்த இரண்டு ஹாஸ்டல்காரர்கள் ஆட்டம் முடியும் முன்பே எழுந்து வேறு மைதானத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். அந்தக் குட்டிப் பெண் தேம்பித் தேம்பி அழுதாள். அக்கா போய் அவள் தோளில் கை போட்டு, எங்கள் ஊரில் கோல் விட்டால் பந்து எடுக்கக் கீழ் டிவிஷன் வரை போகவேண்டும், இங்கே வலையாவது இருக்கிறதே என்று சொல்லிச் சிரிக்கவைத்தாள். அக்காவும் சிரித்தாள். சிரிக்கிறவர்களுக்கு வருத்தம் இல்லை என்பது அந்த வயதில் என் கணக்கு.

வீட்டில் பிறகு இது என் புத்திசாலித்தனத்தைப் பற்றிய கதையாகிவிட்டது. லயம் முழுக்கச் சொன்னார்கள். எர்ணாகுளத்தையே சுற்றினாலும் அவ ஆத்தா சொன்னத மறக்கல பாரு, தண்ணிகிட்டயே நின்னுட்டா பாரு என்று என் கன்னத்தைக் கிள்ளினார்கள். மாமா தண்ணீர் பாட்டிலை நடித்துக் காட்டுவார், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அக்கா அந்த நேரத்தில் பெரும்பாலும் அடுப்படியில் ஏதாவது வேலையாக இருப்பாள். ஹாஸ்டல்காரர்கள் அடுத்த வருஷம் வந்தபோது அவளுக்கு முழங்காலில் அடி, அதற்கடுத்த வருஷம் வயது தாண்டிவிட்டது. இன்று அவள் மூணாறில் ஒரு ரிசார்ட்டில் வரவேற்பு மேசையில் நிற்கிறாள். நான் எர்ணாகுளத்தில் படிக்கிறேன், தினமும் அதே மெட்ரோவில் போகிறேன். ஊர்ப் பிள்ளைகளில் யாராவது என்னிடம், நீதானே அந்தக் கெட்டிக்காரி என்று கேட்டால் எனக்கு இப்போது வெட்கமாக இருக்கிறது. அன்று ஒரு நாள் நான் காலை உதைத்து அழாமல் இருந்திருக்கலாம்.

இதெல்லாம் பின்னால் வந்தது. அன்று சாயங்காலம் அணி வெளியேறிவிட்டதால் அக்காவும் எங்களோடு கிளம்பிவிட்டாள். ஆலுவாவில் பஸ் ஏறினோம். அம்மா ஏறியதும் தூங்கிப்போனாள். அக்கா எனக்கு ஜன்னல் சீட்டைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். மொட்டைமாடி, நான்கு சீட், சாக்கடை, குடைக்காரச் சேச்சி, கயிறு வீசுகிற ஆள், பாயல். படிக்கட்டை மட்டும் விட்டுவிட்டேன். அக்கா குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தாள். கோதமங்கலம் தாண்டியதும் கேட்டாள்.

"ஏட்டி, அங்க தனியா நிக்கும்போது பயந்தியா?"

"இல்ல."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்லக்கா," என்றேன் பெருமையாக. "நல்லா இருந்துச்சு. அம்மா இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருந்தாக்கூட நான் நின்னிருப்பேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் இன்னும் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்த மாதிரி இருந்தது. நான் ஜன்னலைத் திறந்து மூடினேன். "சரி," என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மடியில் கிடந்த கையுறையை எடுத்து ஒவ்வொரு விரலாக மாட்டினாள், அப்புறம் ஒவ்வொரு விரலாகக் கழற்றினாள். அவ்வளவு பெரிய ஊரில் தனியாக அத்தனை தைரியமாக நின்றிருக்கிறேன், ஒரு வார்த்தை பாராட்டாமல் திரும்பிக்கொண்டாளே என்று எனக்கு அடிமாலி வரை அவள்மேல் கோபம்.